அத்தியாயம் 6: திரும்பி வந்தபின் என்ன வேலை?

2012 டிசம்பரில் மாலத்தீவிலிருந்து ஊருக்கு வந்த மூன்றாம் வாரம், கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனேன். கரஸ்பாண்டென்ட்டும் முதல்வரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நான்கு வருடம் ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்ற தெம்பில் அனுபவச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். 2009 ஜனவரி முதல் 2012 நவம்பர் வரை இவர் எங்கள் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர் என்று இரண்டே வரி. கரஸ்பாண்டென்ட் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"என்ன கிளாஸ் எடுத்தீங்க மேடம்?"

"எட்டு, ஒன்பது, பத்து சார்."

"இதுல போடலையே. என்ன சிலபஸ்?"

சொன்னேன். கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ததையும் சொன்னேன். "நீங்க சொல்றத நம்பாம இல்ல மேடம். ஆனா ஃபைல்ல வைக்க ஏதாவது வேணும்ல?" என்றார். அன்று எனக்குச் சொன்ன சம்பளம், அந்த வருடம் பி.எட். முடித்துவிட்டு நேராக வந்த பெண்ணுக்குக் கொடுத்த சம்பளம்தான். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்தால் எதிர்காலத்துக்கு நல்லதா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நான்கு வருட உழைப்பு உண்மை. பிள்ளைகள் தேறியது உண்மை. அடுத்து வேலை கொடுப்பவர் படித்துப் புரிந்துகொள்கிற வடிவத்தில் அந்த உழைப்பு எங்கும் பதிவாகவில்லை என்பதும் உண்மை. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: திரும்பி வந்து நீங்கள் தட்டப்போவது எந்தக் கதவு? அது தெரிந்தால் எந்த நாடு, எந்த வேலை, எத்தனை வருடம், என்னென்ன தாள் என்ற நான்குக்கும் விடை தானாக வரும்.

எந்த இடத்தில் வேலை, எந்தக் கதவு

நம்மூர் எம்.ஏ. ஆங்கிலப் பட்டதாரிகள் வெளியே போகிற இடங்களைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பார்க்கலாம். நான்கும் ஒன்றல்ல.

முதல் வகை, மாலத்தீவு போன்ற நாடுகளின் அரசுப் பள்ளிகள். ஏறக்குறைய 1,200 தீவுகள் உள்ள அந்த நாட்டில் மக்கள் வசிப்பவை 190 அளவில்தான். ஒவ்வொரு தீவுக்கும் பள்ளி வேண்டும், அதற்கு ஆசிரியர் வேண்டும். பாடமொழி ஆங்கிலம். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போவது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அங்கே உயர்வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு, இந்தியாவில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகள் நேரான கதவு. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1976-லேயே ஐபி பட்டயத் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. அப்போது அது இந்தியாவுக்கே புதிது. இன்று சென்னை, கோவை, பெங்களூரு என்று ஐபி, கேம்பிரிட்ஜ் பள்ளிகள் பெருகியிருக்கின்றன. ஐஜிசிஎஸ்இ விடைத்தாளை எப்படித் திருத்துவது என்று தெரிந்த ஆசிரியர் இந்தப் பள்ளிகளுக்கு உடனடித் தேவை. ஆனால் அதே தீவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு மட்டும் எடுத்துவிட்டு வந்தால் இந்தக் கதவு திறப்பது கடினம். கையெழுத்திடும் முன்பே எந்த வகுப்பு தருவார்கள் என்று கேளுங்கள். போன பிறகும் இரண்டாம் வருடத்தில் மேல் வகுப்பு கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஓமான், சவூதி போன்ற நாடுகளின் கல்லூரிகளில் முதலாண்டு ஆங்கிலம். பள்ளியில் அரபியில் படித்துவிட்டு வரும் மாணவர்களை, ஆங்கிலத்தில் பொறியியலும் வணிகமும் படிக்கும் அளவுக்குத் தேற்றிவிடும் ஆண்டு அது. ஓமானில் முன்பு தனித்தனியாக இருந்த தொழில்நுட்பக் கல்லூரிகளை 2020-ல் தொழில்நுட்பம் மற்றும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். நானும் மாலத்தீவுக்குப் பிறகு ஓமானில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் இருந்தேன். சம்பளம் நன்றாக இருந்தது. கற்றுக்கொண்டதும் அதிகம்: ஒரு மாணவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தேர்வு வைத்து அளப்பது, படிக்குத் தகுந்த பாடம் தயாரிப்பது, ஒரே வினாத்தாளைப் பத்து ஆசிரியர்கள் ஒரே அளவுகோலில் திருத்துவது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே விரிவுரையாளர் என்ற பெயரோடு ஐந்து வருடம் இருந்துவிட்டு, ஊரில் உதவிப் பேராசிரியர் பணிக்கு அந்த ஐந்து வருடத்தையும் காட்டலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையில் வெளிநாட்டுப் பணியையும் கணக்கில் எடுக்க இடம் உண்டு. ஆனால் அந்தப் பதவி இங்குள்ள உதவிப் பேராசிரியர் பதவிக்கு நிகரானதாக இருக்க வேண்டும், அந்தப் பதவிக்குக் கேட்ட கல்வித் தகுதியும் இங்கே கேட்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு ஒப்பந்த நிறுவனம் வழியாக எடுக்கப்பட்டு, எம்.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு மொழி மையத்தில் வகுப்பெடுத்த வருடங்கள் இதற்குள் அடங்குவது கடினம். நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இல்லாமல் போனால், திரும்பி வரும்போதும் அது இல்லாமல்தான் வருவீர்கள்.

மூன்றாவது, வளைகுடாவில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகள். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடத்திட்டம் இங்குள்ளதே, அதனால் அனுபவமும் இங்கே அப்படியே செல்லும். புதிதாகக் கற்றுக்கொள்வது குறைவு, திரும்பி வருவது எளிது.

நான்காவது, தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் நடத்தும் தனியார் மையங்கள். படித்து முடித்த கையோடு போகிற இளைஞர்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். நாற்பது நிமிடம் ஆறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசவைக்கத் தெரிந்தவருக்கு வகுப்பறையைக் கையாள்வது கைவந்துவிடும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயே ஐந்தாறு வருடம் இருந்துவிட்டால் ஒரே வருட அனுபவத்தை ஐந்து முறை திரும்பச் செய்ததாகத்தான் அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் அங்கிருந்து ஒரு பள்ளிக்கோ கல்லூரிக்கோ மாறிவிட வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படி வியட்நாம் போனார். ஏஜெண்ட் சுற்றுலா விசாவில் அனுப்பிவைத்து, போனதும் வொர்க் பெர்மிட் வந்துவிடும் என்றிருக்கிறார். வரவே இல்லை. சம்பளம் கையில் ரொக்கமாக வந்தது. ஒன்றரை வருடம் நன்றாகவே பாடம் நடத்தியிருக்கிறார். பெற்றோர்கள் அவரைத் தேடி வந்து பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். "அக்கா, பயோடேட்டாவில் இதைப் போடலாமா?" என்று கேட்டார். என்ன சொல்வது? போட்டால் வொர்க் பெர்மிட் நகல் கேட்பார்கள். போடாவிட்டால் ஒன்றரை வருடம் சும்மா இருந்ததாக ஆகிவிடும். பிறகு அவர் சான்றிதழ்களுக்கு முறையாக முத்திரை வாங்கி, முறையான அனுமதியோடு மறுபடி போனார். அந்த இரண்டாம் முறையிலிருந்துதான் அவருடைய அனுபவக் கணக்கு தொடங்குகிறது. வேலை அனுமதி இல்லாமல் செய்த வேலை, பின்னால் செய்யாத வேலையாகிவிடும். அதற்கும் மேலே, தென்கிழக்கு ஆசியாவில் வேலை என்று சொல்லி அழைத்துப்போய் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த நிகழ்வுகளுக்குப் பிறகு, நம் வெளியுறவு அமைச்சகமே பலமுறை எச்சரிக்கை விட்டிருக்கிறது. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நமக்குத் திறக்காத சில கதவுகள்

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் நோகாது. ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டினரை எடுக்கும் சில நாடுகள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களையே எடுக்கின்றன. தென்கொரியாவில் மொழி ஆசிரியருக்கான இ-2 விசா, வழக்கமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டினருக்குத்தான். சீனாவிலும் விதி ஏறத்தாழ இப்படியே. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எழுதினாலும் கடவுச்சீட்டில் உள்ள நாட்டின் பெயர்தான் அங்கே முடிவு செய்கிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஆசிரியருக்கு, மாணவன் எங்கே தடுமாறுவான் என்று தன் அனுபவத்திலேயே தெரியும்.

அந்தக் கதவுகளில் நின்று காலம் கழிக்க வேண்டாம். வேலை கேட்கும் கடிதத்தில் "என் ஆங்கிலம் தாய்மொழிக்காரர் போலவே இருக்கும்" என்று எழுத வேண்டாம். என்ன கற்பித்தீர்கள், யாருக்கு, எந்தத் தேர்வுக்கு, என்ன விளைவு என்று எழுதுங்கள்.

கொள்கை மாற்றங்கள் ஒரே இரவில் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் பயிற்சித் தொழிலை ஒடுக்கியபோது, இணையவழியில் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்திப் பிழைத்துவந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் பெருங்கூட்டமாக வேலை இழந்தார்கள். வளைகுடாவில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தரும் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு இறுகிவருகின்றன. ஓமானில் என்னோடு இருந்தவர்களில் சிலருக்கு ஒரு பருவம் முடியும்போது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அந்த இடத்துக்கு ஓமானி ஆசிரியர் வந்துவிட்டார், அவ்வளவுதான். அது அவர்கள் நாடு, அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை சேருவது நியாயம். அதனால் நமக்கு எந்த ஒப்பந்தமும் கடைசி ஒப்பந்தமாக இருக்கலாம் என்று எண்ணித்தான் தயாராக இருக்க வேண்டும்.

புறப்படும் முன் முடிக்க வேண்டிய படிப்பு

பள்ளி ஆசிரியராகத்தான் திரும்புவேன் என்பவர்கள் பி.எட். முடிக்காமல் விமானம் ஏற வேண்டாம். இப்போதைய இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அதைச் செய்ய வழியில்லை. மாலத்தீவில் என்னோடு இருந்த ஒரு கேரளத்துச் சேச்சி, பி.எட். இல்லாமல் வந்தவர். ஏழு வருட அனுபவம். ஊருக்குப் போய் முப்பத்தாறு வயதில், தன்னிடம் படித்தவர்களின் வயதுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து பி.எட். படித்தார். பிறகுதான் வேலை நிலைத்தது.

கல்லூரிக் கதவு வேண்டும் என்பவர்களுக்கு நெட். ஆண்டுக்கு இருமுறை நடப்பது வழக்கம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. விடுமுறைக்கு ஊர் வரும் தேதியையே தேர்வுக்குத் தோதாக அமைத்துக்கொண்டு எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஓமானில் இரவு எட்டு மணிக்கு மேல் தங்குமிடத்துச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் சேர்ந்து படிப்போம். மூன்றாம் முயற்சியில் எனக்கு வந்தது.

ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ்கள் நூறு வகை இருக்கின்றன. வார இறுதியில் இணையத்தில் முடிக்கிற சான்றிதழ்களுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் நான் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்துவேனா, அதைப் பார்த்து ஒருவர் மதிப்பிடுவாரா? இல்லை என்றால் அது வெறும் தாள். கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் உலகம் முழுக்க மதிக்கப்படுவதற்குக் காரணமே, 120 மணி நேரப் படிப்பில் ஆறு மணி நேரம் பிறர் பார்க்க, மதிப்பெண் போட, பாடம் நடத்த வேண்டும் என்பதுதான். செலவு அதிகம். அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தை நினைவூட்டுவேன். 1958-ல் ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்கே ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைப் பட்டயம் பெற்றவர்கள் வளைகுடாக் கல்லூரிகளில் மட்டுமல்ல, இங்குள்ள கல்லூரிகளிலும் மதிப்போடு நடத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏஜெண்ட் பற்றி ஒரு சொல். தொழிலாளிகளுக்கு இருக்கும் குடிபெயர்வு அனுமதிச் சோதனை பட்டதாரிகளுக்குப் பொருந்தாது. அதனாலேயே ஆசிரியர்களை ஏமாற்றுவது எளிதாகிவிடுகிறது. உங்கள் ஏஜெண்ட் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும்தான் உச்சம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. முதலில் அங்கே பதிந்துவையுங்கள்.

தாள்கள்

இனி தாள்கள். இந்த நூலில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

அனுபவச் சான்றிதழ் எழுதித் தருவது பள்ளி அலுவலகத்தின் வேலை என்று நினைத்து நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் வழக்கமான ஒரு படிவத்தை எடுத்துப் பெயரை மாற்றி அச்சடித்துக் கொடுத்தார். அவருக்கு என் எதிர்காலம் எப்படித் தெரியும்? ஓமானிலிருந்து கிளம்பும்போது நானே எழுதிக்கொண்டு போனேன். துறைத் தலைவர் படித்துப் பார்த்து இரண்டு சொல் மாற்றிக் கையெழுத்திட்டார். அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்: ஒப்பந்தத்தில் உள்ள அதே பதவிப் பெயர். பணியில் சேர்ந்த நாளும் விடுபட்ட நாளும், மாதம் மட்டுமல்ல, தேதியோடு. முழுநேரப் பணி என்ற சொல். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு. எந்த நிலை மாணவர்கள், அவர்களின் வயது. என்ன பாடத்திட்டம், எந்தத் தேர்வு. வகுப்பு எடுத்தது தவிர என்ன பொறுப்பு: நான் இரண்டு பருவம் வினாத்தாள் குழுவில் இருந்தேன், அதைப் போட்டேன். கடைசியாகக் கையெழுத்திட்டவரின் முழுப் பெயர், பதவி, நிறுவன மின்னஞ்சல், முத்திரை. சம்பளத்தைத் தனித் தாளில் வாங்கிக்கொண்டேன். சான்றிதழிலேயே சம்பளம் இருந்தால் எல்லா நேர்காணலிலும் அதைக் காட்ட வேண்டியதாகிவிடும்.

ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும், புதுப்பித்துக்கொண்டு அங்கேயே தொடர்ந்தாலும், ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள். முதல்வர்கள் மாறுவார்கள். மையங்கள் மூடப்படும். மாலத்தீவில் என் முதல்வர் நான் கிளம்பும் முன்பே வேறு தீவுக்கு மாற்றலாகிவிட்டார். அவருக்குத்தான் என் வேலை தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கு என் முகம்கூடத் தெரியாது.

சான்றிதழ் வாங்கினால் மட்டும் போதாது, அதற்கு முத்திரை ஏற வேண்டும். ஆவணத்துக்கு முத்திரை எப்போதும் அது பிறந்த நாட்டில்தான் கிடைக்கும் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், அதே உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அந்த ஒரு முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் போல அதில் சேராத நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். அதேபோல அங்கே வாங்கிய அனுபவச் சான்றிதழுக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையை அங்கே இருக்கும்போதே வாங்குங்கள். ஊர் வந்தபின் கூரியரில் அனுப்பி யாரையோ பிடித்து அலைவதற்கு ஆகும் செலவில் இன்னொரு முறை விமானத்தில் போய்வரலாம்.

காவல்துறை நற்சான்றும் அப்படியே. பிள்ளைகளோடு வேலை செய்யும் எவருக்கும், நீங்கள் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும் என்று நல்ல பள்ளிகள் கேட்கின்றன. குடியிருப்பு அட்டை கையில் இருக்கும்போது விண்ணப்பித்தால் அலைச்சல் குறைவு. அட்டையை ஒப்படைத்துவிட்டு நாட்டை விட்டு வந்தபின் கேட்டால் மாதக்கணக்காகும்.

ஒப்பந்தங்கள், வொர்க் பெர்மிட், குடியிருப்பு அட்டை, சம்பளச் சீட்டுகள், வகுப்பு அட்டவணை எல்லாவற்றையும் அவ்வப்போது ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். பணியிட மின்னஞ்சலில் வைத்திருந்தால் வேலையை விட்ட அன்றே அது போய்விடும்.

அனுபவத்தை எப்படிக் காட்டுவது

தாளில் வராத ஒன்றும் இருக்கிறது. அதையும் கொண்டுவர வேண்டும்.

தீவில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். திவேகி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடம் போவது, அதனால் எட்டாம் வகுப்புவரை ஆங்கிலத்தில் எழுதும்போதும் தாளின் வலது ஓரத்தில்தான் அவன் பேனா போய் நிற்கும். கட்டுரை என்றால் நான்கு வரி. ஒருநாள் "உங்கள் வீட்டில் என்ன வேலை நடக்கும்?" என்று எழுதச் சொன்னேன். மாசி செய்வது பற்றி எழுதினான். சூரையைக் கீறி, உப்புநீரில் வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைப்பது. நான்கு வரிதான், ஆனால் அதில் விஷயம் இருந்தது. எங்கள் நாகர்கோவில் பக்கம் சம்பலுக்கு இடித்துப் போடும் அதே மாசி என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. "மிஸ் வீட்டிலும் மாசியா?" என்று வகுப்பே கேட்டது. எத்தனை நேரம் வேகும், யார் அடுப்பைப் பார்ப்பார்கள், புகைக்கு என்ன விறகு என்று நான் கேட்கக் கேட்க, அவன் எழுத எழுத, மூன்றாம் பிரதியில் அது ஒன்றரைப் பக்கம் ஆனது. செயப்பாட்டு வினை அவனுக்கு அந்தக் கட்டுரையில்தான் பிடிபட்டது.

அந்த மூன்று பிரதிகளையும், அவன் பெயரை மறைத்து, அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நகலெடுத்து வைத்திருந்தேன். ஓமான் நேர்காணலில் என்னிடம் எழுத்துப் பயிற்சி எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டபோது பேசுவதற்குப் பதிலாக அந்தத் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் பிரதியில் நான் என்ன குறித்தேன், ஏன் எல்லாப் பிழையையும் திருத்தவில்லை, இரண்டாவதில் அவன் எதை மாற்றினான் என்று இருபது நிமிடம் பேசினோம். அந்த வேலை கிடைத்தது அந்த மாசியால்தான். கோயம்புத்தூருக்குப் போனபோதும் அது என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டலாம் என்று அப்போது தோன்றவில்லை.

நீங்களும் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஒரு மாணவரின் முன்னும் பின்னுமான எழுத்து, நீங்களே தயாரித்த இரண்டு பாடத்திட்டங்கள், யாராவது உங்கள் வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்பு. பெயர்களை மறைக்காமல் எதையும் வெளியே கொண்டுவராதீர்கள். பிள்ளைகளின் புகைப்படம் வேண்டவே வேண்டாம்.

வகுப்பறைக்கு வெளியே

எல்லோரும் ஆசிரியராகவே தொடர வேண்டும் என்பதில்லை. ஐஇஎல்டிஎஸ் பயிற்சியும் செவிலியர்களுக்கான ஓஇடி பயிற்சியும் நம் மாநிலத்தில் ஊருக்கு ஊர் தேவைப்படுகிற தொழில். பெரியவர்களுக்குக் கற்பித்த அனுபவம் இதற்கு மிக முக்கியம். மழலையர் வகுப்பு மட்டும் எடுத்தவர்கள் இதில் நுழைய மெனக்கெட வேண்டியிருக்கும். சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் பிரதி செம்மை செய்யும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. வினாத்தாள் குழுவில் இருந்தவர்கள், பாடப்பொருள் தயாரித்தவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் பயிற்சித் துறையிலும் இடம் உண்டு. அங்கே பல நாட்டு மாணவர்களோடு பழகிய அனுபவத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். அரபி பேசும் மாணவன் ஏன் 'ப'வை வேறாக ஒலிக்கிறான் என்று புரிந்துகொண்டவருக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசத் திணறும் பொறியாளரின் சிக்கலும் சீக்கிரம் புரியும்.

எத்தனை வருடம்?

என் கணக்கு மூன்றிலிருந்து ஐந்து. ஒரு வருடத்தில் வந்தால் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி வரும். எட்டு, பத்து என்று போனால் அங்குள்ள சம்பளத்துக்குக் குடும்பம் பழகிவிடும், வீட்டுக் கடன் அதற்கேற்ப ஏறிவிடும். ஊரில் கிடைக்கும் தொகையைக் கேட்டதும் நெஞ்சு அடைத்துப் போய் மறுபடி ஏஜெண்ட் வாசலில் நிற்பார்கள். போகும்போதே கணவரோடோ மனைவியோடோ அம்மா அப்பாவோடோ உட்கார்ந்து, திரும்பும்போது சம்பளம் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அந்தப் பேச்சு சங்கடமானது. என் மாமியாரிடம் அதைப் பேச எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பேசியபின் அவர்தான் முதலில், "அப்ப கடன் வாங்காமலே வீட்டைக் கட்டுவோம்" என்றார்.

ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு

தாள் எதுவும் சரியாக இல்லாமல் திரும்பி வந்துவிட்டேன், என்ன செய்வது என்று கேட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். முதலில் உங்களோடு வேலை செய்த, இன்னும் அங்கேயே இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அலுவலகத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்கு பதில் வராது, அவர் நேரில் போய் நின்றால் வரும். மேலே சொன்ன விவரங்களோடு கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து அனுப்புங்கள், அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போட்டால் போதும் என்கிற அளவுக்கு. அதுவும் நடக்காவிட்டால் ஒப்பந்தம், கடவுச்சீட்டில் உள்ள விசாப் பக்கங்கள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் அறிக்கை மூன்றையும் சேர்த்துத் தைத்து, கூடவே முன்னாள் முதல்வர் அல்லது துறைத் தலைவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வையுங்கள். அவர் இப்போது வேறு இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

நான் அப்படித்தான் செய்தேன். கோயம்புத்தூர் நேர்காணல் முடிந்து இரண்டு வாரத்தில், வேறு தீவுக்குப் போய்விட்ட என் பழைய முதல்வரின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தேன். நான் எடுத்த வகுப்புகளையும் அந்தப் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளையும் நினைவில் வைத்திருந்து, ஒன்றரைப் பக்கத்துக்குக் கையாலேயே எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினார். கீழே தன் புதிய பள்ளியின் முத்திரையைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் பழைய பள்ளியில் எந்த வருடம் முதல் எந்த வருடம்வரை முதல்வராக இருந்தார் என்றும் குறித்திருந்தார்.